555 புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது?

இணையக் கடை கட்டும் தொழிலில் இருப்பவர்கள் ஒரு கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். "அந்தக் காலத்துல உங்க தாமான்ல ஒரு மளிகைக்கடைக்காரர் இருந்தாரு இல்ல? நீங்க உள்ள நுழையும்போதே உங்க வீட்டுக்கு என்ன அரிசி, என்ன காப்பித்தூள்னு அவருக்குத் தெரியும். நாங்க செய்றதும் அதேதான். லட்சக்கணக்கான பேருக்கு ஒரே நேரத்துல செய்றோம், அவ்வளவுதான்." வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஏற்றபடி தன்னை மாற்றிக்கொள்ளும் கடை என்ற யோசனை இந்தக் கதையைப் போர்த்திக்கொண்டுதான் நம்மிடம் வருகிறது. யோசனை புதிதில்லை. எத்தனை வாடிக்கையாளர்கள் இருக்கிறார்களோ அத்தனை கடைகள் இருக்க வேண்டும் என்ற பொருளில் அமேசானின் ஜெஃப் பெசோஸ் 1998லேயே பேசியிருக்கிறார்.

இந்தத் துறையில் சம்பளம் வாங்குகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த மளிகைக்கடைக் கதை பொய். அது பொய் என்று நம் ஆட்கள் கேட்பதே இல்லை என்பதுதான் எனக்கு அதைவிடப் பெரிய எரிச்சல். நம் இலக்கியக் கூட்டங்களில் 'அல்காரிதம்' என்ற சொல் அடிக்கடி காதில் விழுகிறது. அல்காரிதம் நம்மை ஆட்டிவைக்கிறது, ரசனையைக் கெடுக்கிறது, நம்மைக் கண்காணிக்கிறது என்கிறார்கள். கேட்டால் ஏதோ தலையெழுத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும். தலையெழுத்தை யாரும் கேள்வி கேட்க முடியாது. ஆனால் இது ஒரு அலுவலகத்தில், திங்கட்கிழமைக் கூட்டத்தில், பெயரும் பதவியும் உள்ள ஆட்கள் எடுக்கிற முடிவு. முடிவு எடுத்தவனைக் கேள்வி கேட்கலாம். கேட்க வேண்டுமானால் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

உள்ளே நடப்பது இதுதான். 1992இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் டேபெஸ்ட்ரி என்ற மின்னஞ்சல் அமைப்பைச் செய்தவர்கள் 'கூட்டு வடிகட்டல்' என்ற யோசனையை முன்வைத்தார்கள். வந்து குவியும் கடிதங்களில் எது படிக்கத் தகுந்தது என்பதை, ஏற்கெனவே படித்தவர்களின் குறிப்புகளை வைத்துத் தீர்மானிக்கலாம் என்பது அதன் சாரம். மனிதர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொண்ட உதவி அது. வணிகத்துக்கு வந்தபோது இதில் ஒரு சிக்கல் எழுந்தது. கோடிக்கணக்கான வாடிக்கையாளர்களில் உங்களைப் போன்றவர் யார் என்று ஒவ்வொரு முறையும் தேடினால் கணினிக்கு மூச்சு முட்டும். அமேசான் பொறியாளர்கள் இதைத் திருப்பிப் போட்டார்கள். ஆளை ஆளோடு ஒப்பிடாமல் பொருளைப் பொருளோடு ஒப்பிட்டார்கள். இந்தப் பொருளை வாங்கியவர்கள் வேறு எதையெல்லாம் வாங்கினார்கள் என்ற அட்டவணையை முன்கூட்டியே தயார் செய்து வைத்துவிட்டால் போதும், நீங்கள் வந்து நின்றதும் எடுத்து நீட்டிவிடலாம். லிண்டன், ஸ்மித், யார்க் என்ற மூவர் 2003இல் எழுதிய கட்டுரையில் இது விளக்கப்பட்டிருக்கிறது. எட்டுப் பக்கத்துக்குள் முடிகிற, இன்றைக்கும் படிக்கத் தகுந்த கட்டுரை. அதற்குப் பிறகு எத்தனையோ நுட்பங்கள் வந்துவிட்டன. ஆனால் அடிப்படை மாறவில்லை: இதோடு அது போகும் என்ற கணக்குதான்.

அந்தக் கணக்கில் நீங்கள் யார் என்று எங்கேயும் இல்லை. மளிகைக்கடைக்காரருக்கு உங்கள் அம்மாவுக்கு முட்டிவலி என்று தெரியும். இயந்திரத்துக்குத் தெரிந்ததெல்லாம் தைலம் வாங்கியவர்கள் முழங்கால் பட்டையும் வாங்கினார்கள் என்பதுதான். இரண்டும் ஒரே பொருளை உங்கள் கையில் கொடுக்கலாம். அதனால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

இதில் நமக்கு நேரடியான பாதிப்பு ஒன்று உண்டு. கணக்கு நடக்க நிறையப் பேர் நிறைய வாங்கியிருக்க வேண்டும். சிலரே வாங்கும் பொருளுக்கு அட்டவணையில் துணை கிடைக்காது. சயாம் மரண ரயிலைப் பற்றிய ஒரு மலேசியத் தமிழ் நாவலை இணையக் கடையில் ஐம்பது பேர் வாங்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஐம்பது பேரும் வாங்கிய வேறு பொருள் என்ன? அநேகமாகக் கைப்பேசி உறை, சலவைத்தூள், பிள்ளைகளின் பயிற்சிநூல். ஆகவே அந்த நாவலைத் தேடி வந்தவருக்குப் பயிற்சிநூலும் சலவைத்தூளும் காட்டப்படும். அடுத்த நல்ல நாவல் கண்ணில் படாது. கண்ணில் படாததால் விற்காது. விற்காததால் அட்டவணையில் ஏறாது. எங்கள் துறையில் இதற்குப் பெயரெல்லாம் உண்டு, தீர்க்க முயற்சிகளும் உண்டு. ஆனால் எந்தக் குழுவுக்கு ஆள் ஒதுக்குவது என்று வரும்போது, ஐம்பது பேர் வாங்கும் பொருளுக்காக யார் ஒரு பொறியாளரை ஒதுக்குவார்கள்? ஒவ்வொருவருக்கும் ஒரு கடை என்று சொல்லிக்கொள்ளும் ஏற்பாடு, பெரும்பான்மையோடு ஒத்துப்போகிற அளவுக்குத்தான் உங்களுக்குக் கடை கட்டித் தருகிறது. சிறுபான்மை ரசனை உள்ளவருக்குக் கிடைப்பது மற்றவர்களுடைய கடையின் பின்வாசல்.

அடுத்தது 'விருப்பம்' என்ற சொல். இந்தத் துறையில் இதைப் போல மோசமாகப் பயன்படுத்தப்படும் சொல் வேறு கிடையாது. கடை உங்கள் விருப்பத்துக்கு ஏற்ப மாறுகிறது என்கிறார்கள். உங்கள் விருப்பத்தை யாராவது உங்களிடம் கேட்டார்களா? கேட்கவில்லை. நீங்கள் எதைத் தட்டினீர்கள், எந்தப் படத்தின் மேல் எத்தனை நொடி நின்றீர்கள், எதைக் கூடையில் போட்டு எடுத்தீர்கள் என்று எண்ணினார்கள். அந்த எண்ணிக்கைக்கு விருப்பம் என்று பெயர் வைத்தார்கள்.

பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் அவளுடைய நிறத்தைச் சொல்லிக் கேலி செய்திருக்கிறார்கள். ராத்திரி ஒரு மணிக்குத் தூக்கம் வராமல் கைப்பேசியைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது முகம் வெளுக்கும் கிரீம் ஒன்று வருகிறது. ஒரு நொடி நிற்கிறாள். தட்டிப் பார்க்கிறாள். வாங்கவில்லை, மூடிவிடுகிறாள். அவளுக்கு அந்த கிரீம் பிடித்திருக்கிறதா? அது அவளுடைய காயம். இயந்திரத்துக்குக் காயத்துக்கும் விருப்பத்துக்கும் வித்தியாசம் தெரியாது, இரண்டும் ஒரே எண்ணாகத்தான் பதிவாகும். மறுநாளிலிருந்து அவளுடைய கடையின் முகப்பில் வெள்ளைத்தோல் வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசையைப் பார்த்து அவள் மறுபடி ஒன்றைத் தட்டினால் கணிப்பு சரி என்று உறுதியாகிவிடும். அந்தப் பெண்ணை ஊரில் உள்ள கடைக்காரர் பார்த்திருந்தால், குறைந்தபட்சம், "உனக்கு எதுக்குமா இதெல்லாம்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடும்.

ஏன் இப்படி என்றால், எங்கள் அளவுகோல் அப்படி. ஒரு மாற்றம் செய்யும்போது பாதிப் பேருக்குப் பழைய பக்கம், பாதிப் பேருக்குப் புதிய பக்கம் காட்டுவது வழக்கம். ஏ/பி சோதனை என்பார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து எண்களைப் பார்ப்பார்கள். எத்தனை பேர் தட்டினார்கள், எத்தனை பேர் காசு கட்டினார்கள், மொத்த விற்பனை எவ்வளவு கூடியது. பொருளைத் திருப்பி அனுப்பினால் அதையும் எண்ணலாம். திருப்பி அனுப்பச் சோம்பல்பட்டு அலமாரியில் வைத்தவரை எண்ண முடியாது. மாசக் கடைசியில் வீட்டுக் கணக்கைப் பார்த்துவிட்டுப் பேசாமல் படுத்தவரை எண்ண முடியாது. இரண்டு வாரச் சோதனையில் ஜெயிப்பது எதுவோ அதுதான் கடையாகிறது. 9.9, 11.11, 12.12, அப்புறம் சம்பளம் போடுகிற 25ஆம் தேதி என்று தேதி தேதியாக விற்பனைத் திருவிழா வருவதும், அந்த நாளில் 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' பொத்தான் பளிச்சென்று முன்னால் வருவதும் யாருடைய விருப்பத்துக்கு ஏற்ற மாற்றம்?

விலைக்கு வருவோம். ஒரே பொருளுக்கு ஆளுக்கு ஒரு விலை என்ற சோதனை ஏற்கெனவே நடந்திருக்கிறது. 2000இல் அமேசான் ஒரே டிவிடியை வேறு வேறு ஆட்களுக்கு வேறு வேறு விலையில் விற்றது வெளியே தெரிந்து பெரிய சத்தமானது. விலைகளைக் குருட்டாம்போக்கில்தான் மாற்றினோம், ஆளைப் பார்த்து மாற்றவில்லை என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. பெசோஸ் மன்னிப்புக் கேட்டார். 6,896 பேருக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. 2012இல் ஆர்பிட்ஸ் என்ற பயணத்தளம், மேக் கணினியில் வருகிறவர்களுக்கு விலை கூடிய தங்கும் விடுதிகளை முன்னால் காட்டுகிறது என்று அமெரிக்கப் பத்திரிகையில் செய்தி வந்தது. இன்றைக்கு அவ்வளவு பச்சையாகச் செய்ய வேண்டிய அவசியம் இல்லை. விலைச்சீட்டு எல்லாருக்கும் ஒன்றாகவே இருக்கும், வவுச்சர் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். விட்டுவிட்டுப் போகிறவனுக்குப் பெரிய வவுச்சர், எப்படியும் வாங்கப்போகிறவனுக்குச் சின்ன வவுச்சர். சீனர்கள் இதற்கு அழகான பெயர் வைத்திருக்கிறார்கள்: பெருந்தரவை வைத்துப் பழகியவனை வெட்டுவது. விசுவாசமான வாடிக்கையாளனுக்குத்தான் வெட்டு ஆழமாக விழும்.

இனி நம் நாட்டுச் சமாச்சாரம். பள்ளிப் பாரத்திலிருந்து வேலை மனுவரை மலாய், சீனர், இந்தியர், லாயின்-லாயின் என்ற கட்டங்களில் ஒன்றில் டிக் அடித்து வளர்ந்தவர்கள் நாம். இணையக் கடை அந்தக் கட்டத்தைக் கேட்பதில்லை, அங்கே எல்லாரும் வெறும் வாடிக்கையாளர் என்று ஒருவர் நினைக்கலாம். கடைக்குக் கட்டமே தேவையில்லை. இட்லி அரிசி, முறுக்கு அச்சு, தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னால் ஒரு சேலை, பார்சல் போகிற முகவரி. இவை போதும். இனம் என்ற பத்தியே இல்லாத அட்டவணையிலிருந்து இனத்தை எடுத்துவிடலாம். யாரும் 'இந்தியர்' என்று எழுதாமலேயே நீங்கள் ஒரு கொத்தில் போய் விழுவீர்கள். ஆயிரக்கணக்கான அம்சங்களை ஆராய்ந்து, உங்களுக்கென்றே செதுக்கப்பட்டது என்று சொல்லப்படும் கடை, கடைசியில் உங்களைக் கொண்டுபோய் வைக்கிற இடம் அதே பழைய கட்டம். கட்டத்தில் டிக் அடித்தபோது குறைந்தது பேனா நம் கையில் இருந்தது.

இதில் சட்டம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் நிறைவேறி 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. கூடுதல் பாதுகாப்புக்குரிய 'உணர்வுபூர்வமான தரவு' என்று அது பட்டியலிடுவதில் உடல்நலம் இருக்கிறது, அரசியல் கருத்து இருக்கிறது, மத நம்பிக்கை இருக்கிறது. இனம் இல்லை. எல்லாப் பாரத்திலும் இனம் கேட்கிற நாட்டில், இனம் உணர்வுபூர்வமான தரவு இல்லை. அதே சட்டம், உங்கள் தரவை வைத்து என்ன செய்யப்போகிறோம் என்ற அறிவிப்பைத் தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் தர வேண்டும் என்கிறது. முறுக்கு அச்சை வைத்து நம்மைத் தமிழர் என்று கண்டுபிடிக்கத் தெரிந்த கடைக்கு, அதைத் தமிழில் நம்மிடம் சொல்ல வேண்டிய கடமை கிடையாது.

இப்போது அந்த மளிகைக்கடைக்காரரிடம் வருவோம். அவரை நான் புனிதராக்கப் போவதில்லை. தோட்டத்து வரலாறு தெரிந்தவர்களுக்கு, ஆளை அறிந்த வியாபாரம் எவ்வளவு கொடூரமாகவும் இருக்க முடியும் என்று தெரியும். கங்காணிகளில் சிலர் கடையும் வைத்திருந்தார்கள். ஆள் கூட்டி வந்தவரே முன்பணம் கொடுத்தவர், அவரே கடன் கொடுத்தவர். யாருக்கு எவ்வளவு தேவை, யாரை எவ்வளவு இறுக்கலாம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதுவும் தனிமனிதருக்கு ஏற்ற சேவைதான்! உன்னை எனக்குத் தெரியும் என்று ஒருவன் சொல்லும்போது, தெரிந்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கிற புத்தி நமக்கு வேறு யாரையும்விட முன்னால் வந்திருக்க வேண்டும்.

நல்ல கடைக்காரரையும் கங்காணியையும் பிரிப்பது குணம் மட்டும் இல்லை. ஒரு பொருளும் பிரிக்கிறது: 555 புத்தகம். கையடக்கமான, அட்டையில் 555 என்று போட்ட அந்தக் கடன் நோட்டு இந்த நாட்டில் எல்லா இனத்தாரின் கடைகளிலும் இருந்தது. என்ன வாங்கினோம், எவ்வளவு பாக்கி என்று அதில் எழுதியிருக்கும். எழுதும்போது நாம் எதிரில் நிற்போம். கணக்குத் தப்பென்றால், "அண்ணே, போன வாரம் பால்டின் ஒண்ணுதானே எடுத்தேன்?" என்று சண்டை போடலாம். அடித்துத் திருத்துவார். கடைக்காரர் நம்மைப் பற்றி எழுதியதை நாம் படிக்க முடிந்தது என்பதுதான் அந்த உறவில் இருந்த நேர்மை. இன்றைய கடை நம்மைப் பற்றி அதைவிட ஆயிரம் மடங்கு எழுதி வைத்திருக்கிறது. ஒரு வரிகூட நம் கண்ணில் படுவதில்லை. மளிகைக்கடைக் கதையைச் சொல்கிறவர்கள் கடைக்காரரின் சிரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு நோட்டை மேசைக்கு அடியில் ஒளித்துவிட்டார்கள்.

"சரி தம்பி, லட்சக்கணக்கான பொருள் இருக்கு. ஏதாவது ஒரு வரிசையில காட்டித்தானே ஆகணும்?" என்று என் துறைக்காரர் கேட்பார். நியாயமான கேள்வி. கடை ஆளுக்கு ஏற்ப மாறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கண் மங்கியவருக்கு எழுத்தைப் பெரிதாக்கும் கடை எனக்குப் பிடிக்கும். நான் சைவம் என்று ஒரு முறை சொன்னால் நினைவில் வைத்துக்கொள்கிற கடை, என் செருப்பளவு தெரிந்த கடை, சபாவில் இருப்பவருக்கு அங்கே அனுப்ப முடியாத பொருளைக் காட்டி ஏமாற்றாத கடை, இதெல்லாம் நல்ல பொறியியல். இவற்றுக்கெல்லாம் பொதுவான ஒன்று, வாடிக்கையாளர் வாய் திறந்து சொன்னதைக் கடை கேட்டுக்கொண்டது. நான் எதிர்ப்பது சொல்லாததை ஊகித்து, ஊகித்ததை மறைத்து, மறைத்ததை வைத்து விற்பதை.

ஆகவே நான்கு கோரிக்கைகள். நான்கையும் இன்றைக்குள்ள தொழில்நுட்பத்தை வைத்தே செய்துவிடலாம் என்பதைப் பொறியாளனாகச் சொல்கிறேன்.

ஒன்று, நோட்டை மேசைமேல் வை. என்னைப் பற்றி என்ன ஊகித்திருக்கிறாய் என்று ஒரு பக்கம் காட்டு. தப்பென்றால் நான் அடித்துத் திருத்த வேண்டும். திருத்தியதும் கடை மாற வேண்டும்.

இரண்டு, அணைக்கும் பொத்தான் கொடு. என்னை ஊகிக்காத, எல்லாருக்கும் ஒரே மாதிரியான கடை ஒரே தட்டலில் கிடைக்க வேண்டும். முடியாது என்று சொல்லாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைச் சட்டம், மிகப் பெரிய தளங்கள் ஆளை அலசாத பரிந்துரை முறை ஒன்றையாவது தர வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. சீனாவில் 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் அப்படி ஒரு தேர்வைக் கேட்கிறது, இயந்திர முடிவை வைத்து விலையில் நியாயமற்ற பாகுபாடு காட்டுவதையும் தடை செய்கிறது. பெர்லினில் முடிவது பெட்டாலிங் ஜெயாவில் ஏன் முடியாது?

மூன்று, வவுச்சர் எனக்கு ஏன் இவ்வளவு, அவருக்கு ஏன் அவ்வளவு என்று எழுதிக் காட்டு. எழுத வெட்கமாக இருக்கும் காரணம் என்றால் அந்தக் காரணத்தை வைத்துக் கொடுக்காதே.

நான்கு, மறக்கக் கற்றுக்கொள். ராத்திரி ஒரு மணிக்குப் பார்த்தது விடிந்ததும் அழிய வேண்டும். நான் வைத்துக்கொள் என்று சொன்னதை மட்டும் வைத்துக்கொள்.

இதையெல்லாம் நிறுவனங்கள் தாமாகச் செய்யாது. இரண்டு வாரச் சோதனையில் இந்த நான்கும் தோற்கலாம், அதற்காகவே அவை கூட்டத்தில் அடிபட்டுப் போகும். வெளியே இருந்து அழுத்தம் வேண்டும். இங்கேதான் வாசிக்கவும் எழுதவும் தெரிந்த நம்மிடம் ஒரு கருவி இருக்கிறது. அதே 2010 சட்டம் நமக்குச் சில உரிமைகளையும் கொடுத்திருக்கிறது. 30ஆம் பிரிவு, நம் தரவைக் கேட்டுப் பார்க்கும் உரிமை. 34ஆம் பிரிவு, திருத்தக் கேட்கும் உரிமை. 43ஆம் பிரிவு, நேரடி விற்பனைக்காக நம் தரவைப் பயன்படுத்துவதை நிறுத்தச் சொல்லும் உரிமை. இன்னொன்றும் உண்டு. தனிநபர் தரவு என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில், அந்த நபரைப் பற்றிய கருத்து வெளிப்பாடும் அடங்கும் என்று எழுதியிருக்கிறது. இவளுக்கு வெள்ளைத்தோல் வேண்டும், இவன் எப்படியும் வாங்கிவிடுவான், இந்த வீடு தீபாவளிக் கொத்து. இவையெல்லாம் நம்மைப் பற்றிய கருத்துகள் இல்லாமல் வேறென்ன? இயந்திரம் கொண்ட கருத்து என்பதால் கருத்து இல்லை என்று ஆகிவிடுமா? இந்தக் கேள்வியை ஒரு நிறுவனத்தின் முன் எழுத்தில் வைத்துப் பதில் வாங்க வேண்டும். மறுத்தால் ஆணையரிடம் புகார் போக வேண்டும்.

ஒருவர் எழுதினால் தானியங்கிப் பதில் ஒன்று வரும். நூறு பேர் ஒரே மாதத்தில் எழுதினால் திங்கட்கிழமைக் கூட்டத்தில் அது பேசுபொருளாகும். அந்தக் கூட்டங்கள் எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும், எண்ணிக்கைக்கு மட்டும்தான் அங்கே காது உண்டு. கடிதத்தின் தொழில்நுட்பப் பகுதியை, எந்தெந்தத் தரவை எந்தப் பெயரில் கேட்க வேண்டும் என்ற பட்டியலோடு, நான் எழுதித் தருகிறேன். மலாயில் திருத்தமாக எழுதத் தெரிந்த ஒருவரும் சட்டம் படித்த ஒருவரும் சேர்ந்தால் வேலை ஒரு வாரத்தில் முடியும். ஒரு பிரதி தமிழிலும் இருக்கட்டும். இணைத்து அனுப்புவோம், மொழிபெயர்க்க வேண்டியது அவர்கள் பாடு.